கெண்டி வடிவில் ஒரு பெட்ரோல் பங்க்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா பள்ளத்தாக்கு ஆப்பிளுக்குப் பேர்போனது. அங்கே ஜில்லா என்ற சிற்றூரில், ஆள் உள்ளே போய்வரும் அளவுக்கு ஒரு தேநீர்க் கெண்டி நிற்கிறது. வட்டமான மரச்சட்ட உடல். மூடிக்குப் பதில் கூம்புக் கூரை. ஒரு பக்கம் தகரத்தில் வளைத்த கைப்பிடி. எதிர்ப்பக்கம் கான்கிரீட்டில் மூக்கு. 1922இல் ஜாக் ஐன்ஸ்வொர்த் என்பவர் இதைக் கட்டியது டீ விற்க அல்ல, பெட்ரோல் விற்க.

அமெரிக்க வரலாற்றிடங்களின் தேசியப் பதிவேட்டில் 1985ஆம் ஆண்டு இது இடம்பெற்றது. பதிவான பெயர்: டீபாட் டோம் சர்வீஸ் ஸ்டேஷன். இந்தப் பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்தால் வேடிக்கையாக இருக்கும். கெண்டி இருக்கிறது, சரி. 'டோம்' என்றால் குவிமாடம். கட்டடத்தில் இருப்பதோ கூம்பு. 'சர்வீஸ் ஸ்டேஷன்' என்கிறது பெயர். இன்று அங்கே ஒரு சொட்டு பெட்ரோல் கிடைக்காது, ஊருக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்லும் தகவல் நிலையமாகிவிட்டது. பெயரில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத சங்கதி.

அந்த டோம் வந்த வழி நீளமானது. வையோமிங் மாநிலத்தில் காஸ்பர் நகருக்கு வடக்கே ஒரு மணற்பாறை உண்டு. மூக்கும் கைப்பிடியும் வைத்த கெண்டிபோல இருந்ததால் டீபாட் பாறை என்று பெயர். அதன் சுற்றுவட்டாரத்தில் பூமிக்கடியில் பாறை அடுக்குகள் கவிழ்த்த கிண்ணம்போல மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. தண்ணீரைவிட இலேசான எண்ணெய் மேலே மேலே ஏறி, கசியவிடாத பாறை ஒன்று குறுக்கிட்டதும் அந்தக் கிண்ணத்துக்குள் தங்கிவிடும். நிலவியலாளர்கள் இந்த அமைப்பைத்தான் டோம் என்கிறார்கள். டீபாட் பாறைக்குப் பக்கத்து டோம், டீபாட் டோம்.

பள்ளிக்கூடத்தில் ஆகுபெயர் படித்தவர்களுக்கு 'கார் அறுத்தான்' நினைவிருக்கும். கார் என்ற நிறம் முதலில் மேகத்துக்கு ஆகிறது. மேகத்தின் பெயர் மழைப் பருவத்துக்கு ஆகிறது. பருவத்தின் பெயர் அந்தப் பருவத்து நெல்லுக்கு ஆகிறது. மூன்று தாவல், ஆகவே மும்மடியாகுபெயர். (பங்க்கில் வந்து நிற்கிற காருக்கும் இந்தக் காருக்கும் உறவில்லை.) ஜில்லாவின் பங்க் உரையாசிரியர்களையும் ஒரு படி மிஞ்சுகிறது. அடுப்படிப் பாத்திரத்தின் பெயர் பாறைக்கு ஆயிற்று. பாறையின் பெயர் எண்ணெய் வயலுக்கு. வயலின் பெயர் ஓர் ஊழலுக்கு. ஊழலின் பெயர் பங்க்குக்கு. நாலு தாவல் தாவிய பெயர், கடைசியில் மறுபடியும் பாத்திரமாகவே உருவெடுத்து சாலையோரம் நின்றுவிட்டது.

ஊழலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அமெரிக்கக் கடற்படை கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், போர் வந்தால் கைகொடுக்கட்டும் என்று சில எண்ணெய் வயல்களை ஒதுக்கி வைத்தார்கள். டீபாட் டோம் அவற்றில் மூன்றாவது. 1921இல் அதிபர் வாரன் ஹார்டிங், இந்த வயல்களின் பொறுப்பைக் கடற்படையிடமிருந்து உள்துறைக்கு மாற்றினார். உள்துறைச் செயலர் ஆல்பர்ட் ஃபால் 1922 ஏப்ரலில் டீபாட் டோமை ஏலம் எதுவும் விடாமல் ஹாரி சின்க்ளேரின் நிறுவனத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். கலிபோர்னியாவின் எல்க் ஹில்ஸ் வயல் எட்வர்ட் டொஹீனி என்ற எண்ணெய் முதலாளியிடம் போனது. டொஹீனியிடமிருந்து 1,00,000 டாலர் ஒரு பையில் ஃபாலுக்குப் போயிருந்தது பின்னால் வெளியே வந்தது. 1927இல் உச்ச நீதிமன்றம் குத்தகைகளை ரத்துசெய்தது. 1929இல் ஃபால் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 1931இல் சிறைக்குப் போனார். பதவியில் செய்த குற்றத்துக்காகச் சிறை சென்ற முதல் அமெரிக்க அமைச்சர் அவர். அதே லஞ்சத்தைக் கொடுத்ததாக வழக்கைச் சந்தித்த டொஹீனியோ விடுதலையானார். வாங்கியவர் குற்றவாளி, கொடுத்தவர் நிரபராதி. இதற்கு மேல் கேலி செய்ய ஜில்லாவின் கெண்டிக்கும் வாய் போதாது.

இங்கே ஆண்டுகளைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பது நல்லது. ஊழலை நையாண்டி செய்யவே கெண்டி வடிவில் பங்க் கட்டப்பட்டது என்று எல்லாக் கையேடுகளும் எழுதுகின்றன. பங்க் கட்டிய ஆண்டு 1922. குத்தகைச் செய்தி நாளிதழில் வந்தது அந்த ஏப்ரலில். ஆனால் செனட்டர் தாமஸ் வால்ஷ் நடத்திய விசாரணை தொடங்கியது 1923 அக்டோபரில். பணப்பை விவகாரம் அம்பலமானது 1924 ஜனவரியில். கேலிச்சித்திரக்காரர்கள் கெண்டியாக வரைந்து தள்ளியதும் அதற்குப் பிறகுதான். ஆக, கட்டியபோது அது ஊழலின் நினைவுச் சின்னமாக இருந்திருக்க முடியாது. அப்போது இருந்தது ஒரு சர்ச்சையும் ஒரு சந்தேகமும்தான். ஆதாரம் வருவதற்கு முன்பே கெண்டி வந்துவிட்டது. இது சின்ன வேறுபாடுதான். ஆனால் கட்டடத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்ற கேள்வி வரும்போது பெரிய வேறுபாடாகிறது.

பெட்டிகளுக்கு வருவோம். இப்படிப் பொருள்களின் உருவத்தில் கட்டிய கட்டடங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே பெயர் நிலைக்கவில்லை. பேச்சுவழக்கில் 'நாவல்டி', அதாவது விந்தைக் கட்டடம். கலை வரலாற்றாளர்கள் 'மிமெட்டிக்' என்பார்கள். தமிழ்த் திறனாய்வில் புழங்கும் போலச்செய்தல் என்ற சொல் இதற்குக் கச்சிதம். மூன்றாவது 'ப்ரோக்ராமேட்டிக்'. ஜிம் ஹைமனும் ரிப் ஜார்ஜஸும் 1980இல் வெளியிட்ட 'கலிபோர்னியா கிரேஸி' என்ற நூலும், அதற்குக் கட்டடக்கலை வரலாற்றாளர் டேவிட் கெபார்ட் எழுதிய முன்னுரையும் இந்தச் சொல்லைப் பரப்பின. ஒரு கட்டடம் எதற்காகக் கட்டப்படுகிறதோ அந்தப் பயனைக் கட்டடக்கலைஞர்கள் 'ப்ரோக்ராம்' என்பார்கள். உருவமே பயனைச் சொல்லிவிடுகிற கட்டடம் ப்ரோக்ராமேட்டிக்.

நாலாவது பெயர் 'வாத்து'. நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் மார்ட்டின் மாரர் என்ற வாத்துப் பண்ணைக்காரர் 1931இல் வாத்து உருவத்தில் ஒரு கடை கட்டி, அதற்குள் வாத்தும் வாத்து முட்டையும் விற்றார். ஃபோர்டு மாடல் டி காரின் பின்விளக்குகள் அதற்குக் கண்கள். 1964இல் கட்டடக்கலை விமர்சகர் பீட்டர் பிளேக் இதை அமெரிக்க நிலக்காட்சியைக் கெடுக்கும் குப்பைகளில் ஒன்றாகக் காட்டினார். 1972இல் ராபர்ட் வென்சூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் ஸ்டீவன் ஐஸனூரும் எழுதிய நூல், அதே வாத்தை ஒரு கோட்பாட்டுச் சொல்லாக்கியது. கட்டடம் முழுவதுமே குறியீடாக இருந்தால் வாத்து. சாதாரணக் கொட்டகைக்கு முன்னால் பலகை மாட்டினால் அலங்கரித்த கொட்டகை. கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் இந்த இரண்டு சொற்களை வைத்தே சண்டை போடுகிறார்கள்.

வாத்துக்கு எல்லாம் பொருந்துகிறது, ஏனென்றால் வாத்துக்காரரிடம் வாத்து இருந்தது. வாஷிங்டன் மாநிலத்திலேயே டக்கோமா நகரில் 1927இல் கட்டிய காபிப் பாத்திரம் ஒன்று உண்டு. உணவகமாகத் தொடங்கியது அது, காபி கிடைத்தது. உருவத்தைப் பார்த்து உள்ளே போனவருக்கு ஏமாற்றம் இல்லை. பெட்ரோல் விற்பவர் எந்த உருவத்தைக் கட்டுவார்?

சிக்கலே இங்கேதான். பெட்ரோலுக்கு உருவம் கிடையாது. தரைக்கடியில் தொட்டி, அங்கிருந்து குழாய், குழாயிலிருந்து கார். காசு கொடுக்கிறவர் தான் வாங்கியதைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. 1910களின் பிற்பாதியிலும் 1920களிலும் இந்தக் குறையைத் தீர்க்க ஒரு பம்பு இருந்தது: ஆள் உயரத்துக்கு மேலே கண்ணாடி உருளை, அதில் காலன் அளவுக்கு வரிசையாகக் கோடுகள். பங்க் ஊழியர் நெம்புகோலை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித் தரைக்கடியிலிருந்து உருளைக்குப் பெட்ரோலை ஏற்றுவார். எத்தனை கோடு ஏறியது என்று வண்டிக்காரர் பார்த்துக்கொள்வார். பிறகு குழாயைத் திறந்தால் அது தன் எடையில் வண்டிக்குள் இறங்கும். கம்பெனிகள் தங்கள் பெட்ரோலுக்குச் சிவப்பு, நீலம் என்று சாயம் ஏற்றியதும் உண்டு, உருளையில் பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று. சரக்கைக் காட்ட முடிந்தது அவ்வளவுதான். அந்தப் பம்புகள் போனபின் அதுவும் போயிற்று.

எனவே பெட்ரோல் பங்க் எந்த உருவம் எடுத்தாலும் அது இரவல் உருவம். யாரிடமிருந்து இரவல் வாங்கியது என்பதைக் கேட்காமல், கெண்டி, சிப்பி, விமானம் என்று உருவத்தை வைத்துப் பட்டியல் போடுகிற வகைப்பாட்டால் பெரிய பயன் இல்லை. உருவத்தால் டக்கோமாவின் காபிப் பாத்திரமும் ஜில்லாவின் கெண்டியும் அண்ணன் தம்பி. காரணத்தால் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் ஒரு தெருமுனையில் மஞ்சள் சிப்பி ஒன்று நிற்கிறது. 1930 வாக்கில், ஷெல் பெட்ரோலை அந்த வட்டாரத்தில் விற்க வந்த குவாலிட்டி ஆயில் என்ற நிறுவனம், ஊர்க்காரர்கள் பெயரை மறக்கக்கூடாது என்று எட்டு சிப்பிகள் கட்டியது. பச்சை மரக்கொம்புகளை வளைத்து, கம்பி சுற்றி, மேலே சிமென்ட் பூசிய வேலை. ஏழு போய்விட்டன, ஒன்றுதான் மிச்சம். 1976இல் அது தேசியப் பதிவேட்டுக்குப் போனது. இந்தச் சிப்பி சரக்கின் உருவம் அல்ல, வணிகச் சின்னத்தின் உருவம். அந்தச் சின்னமும் சும்மா வந்ததில்லை: ஷெல் கம்பெனியை 1897இல் தொடங்கிய மார்கஸ் சாமுவேலின் குடும்பம் அதற்கு முன் லண்டனில் கடற்சிப்பி விற்றது. கடலில் கிடந்த சிப்பி கடைச் சரக்காகி, கம்பெனிப் பெயராகி, பெட்ரோலின் பெயராகி, கடைசியில் கட்டடமானது. இதுவும் ஜில்லாவைப் போலவே சுற்றி வந்து தொடக்கத்துப் பொருளின் உருவத்தில் நிற்கிறது.

சின்னத்தைக் கட்டடமாக்கியதில் இன்னொன்றைச் சொல்லாமல் போகமுடியாது. சின்க்ளேர் கம்பெனியின் சின்னம் டைனோசர். ஃப்ளோரிடாவின் ஸ்பிரிங் ஹில்லில் 1964இல் ஒரு சின்க்ளேர் நிலையத்தை டைனோசர் உருவத்திலேயே கட்டினார்கள். வண்டிகள் அதன் வயிற்றுக்குள் போய் நின்றன. டீபாட் டோமைக் குத்தகைக்கு எடுத்த அதே சின்க்ளேர். ஒருவர் பெயரைச் சுற்றி இரண்டு உருவங்கள்: ஒன்று அவர் கம்பெனி தனக்கே கட்டிக்கொண்ட விளம்பரம், மற்றொன்று அவர் எடுத்த குத்தகையைக் கேலி செய்து ஐன்ஸ்வொர்த் கட்டியது. 'விந்தைக் கட்டடம்' என்ற ஒரே சீட்டை இரண்டிலும் ஒட்டினால் இந்தக் கதை அப்படியே மறைந்துபோகும்.

விமானத்துக்கு இப்படியொரு காரணமும் தேவைப்படவில்லை. டென்னசி மாநிலத்தின் பவல் என்ற ஊரில் எல்மர் நிக்கிள், ஹென்றி நிக்கிள் என்ற சகோதரர்கள் 1930இல் விமான உருவத்தில் பங்க் கட்டினார்கள். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன; விமானம் என்றால் எல்லோரும் திரும்பிப் பார்த்த காலம். வேகமாய்ப் போகிற வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தால் போதும், அதுதான் நோக்கம். இறக்கை நிழலில் வண்டி நிற்கலாம் என்பது உபரி லாபம். ஆனால் ஓரிகன் மாநிலத்தின் மில்வாக்கியில் ஆர்ட் லேசி 1947இல் தன் பங்க்குக்கு மேலே நிறுத்தியது, போரில் மிஞ்சிய அசல் பி-17 குண்டுவீச்சு விமானம். இரண்டும் சாலையிலிருந்து பார்த்தால் விமானம்தான். முதலாவது போலச்செய்தல், இரண்டாவதில் போலி ஏதும் இல்லை, விமானமே கூரையாக நின்றது. மிமெட்டிக் என்ற சொல் இங்கே தடுமாறுகிறது.

எதிர்ப்பக்கத்து எல்லையும் மங்கலானதே. மில்வாக்கி நகரத்து வாதம்ஸ் கம்பெனிக்காக (இது விஸ்கான்சினில் இருக்கும் வேறொரு மில்வாக்கி) கட்டடக்கலைஞர் அலெக்சாண்டர் எஷ்வைலர் 1917 முதல் பகோடா வடிவில் பங்க்குகள் வரைந்தார். நூற்றுக்கும் மேல் கட்டப்பட்டன. ப்யூர் ஆயில் கம்பெனியோ 1920களின் கடைசியில் இங்கிலாந்துக் குடிசை வீட்டை எடுத்துக்கொண்டது. குடியிருப்புப் பகுதியில் பங்க் வருவதை ஆட்சேபித்தவர்கள் வாயை அடைக்க நல்ல உத்தி, பக்கத்து வீடுபோல இருந்தால் யார் சண்டைக்கு வருவார்கள்? கட்டடத்தைப் போலச்செய்த கட்டடம் இது. ஒன்று எல்லோரும் திரும்பிப் பார்க்கக் கட்டியது; மற்றொன்று யாரும் திரும்பிப் பார்க்காமலிருக்கக் கட்டியது. ஒரே தலைப்புக்குள் இரண்டையும் அடக்கினால் தலைப்பு கிழிந்துவிடும்.

இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டு என்று தோன்றலாம். தேசியப் பதிவேட்டின் படிவத்தை நிரப்ப உட்காரும்போது விளையாட்டு முடிந்துவிடும். 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசியப் பூங்காத் துறை நடத்தும் இந்தப் பதிவேட்டில் சொத்துகள் ஐந்து இனம்: கட்டடம், கட்டுமானம், பொருள், இடம், வட்டாரம். மனிதர் உள்ளே இருந்து ஏதாவது செய்ய இடம் தந்தால் கட்டடம். சிற்பம்போலக் கலைநோக்கில் அமைந்த சிறிய ஆக்கம் பொருள். சியாட்டிலில் 1950களின் நடுவில் ஒரு பங்க், கௌபாய் தொப்பியும் இரண்டு பூட்ஸுமாக எழுந்தது: தொப்பி அலுவலகத்துக்கு மேல், பூட்ஸ் இரண்டும் கழிப்பறைகள். 2003இல் அவற்றைப் பக்கத்துப் பூங்காவுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். பூங்காவில் அந்தப் பூட்ஸ் கழிப்பறையா, சிற்பமா? அகராதியைப் பார்த்துத் தீர்க்கிற கேள்வி இல்லை இது. படிவத்தில் பாணிக்கும் ஒரு கட்டம் உண்டு. பெயர்பெற்ற பாணி எதிலும் அடங்காததை 'மற்றவை' என்று குறித்து, பக்கத்தில் வகையின் பெயரை எழுதலாம். கெண்டியும் சிப்பியும் ஒதுங்கும் கட்டம் அதுதான்.

பெயருக்கும் விதி உண்டு. இப்போதைய பெயரைவிட வரலாற்றுப் பெயருக்கே முதலிடம். மற்ற பெயர்கள் அடுத்த வரியில். பவலின் விமானத்தில் பெட்ரோல் விற்பனை நின்று பல ஆண்டுகள் ஆகின்றன, முடிதிருத்தகம்கூட இருந்திருக்கிறது. பதிவேட்டில் அது சர்வீஸ் ஸ்டேஷன்தான். அந்த 'சர்வீஸ்' என்ற சொல்லிலும் ஒரு கதை. பெட்ரோல் மட்டும் ஊற்றுகிற இடம் ஃபில்லிங் ஸ்டேஷன். எண்ணெய் மாற்றி, டயர் பார்த்து, வண்டி கழுவினால் சர்வீஸ் ஸ்டேஷன். பவலின் விமானத்தை ஜனங்கள் இரண்டு பெயராலும் அழைத்தார்கள். தமிழ்நாட்டில் இந்தச் சிரமம் இல்லை, காற்றடித்தாலும் அடிக்காவிட்டாலும் பங்க் பங்க்தான்.

கெண்டிக்குத் திரும்பினால், விதிகள் அங்கேதான் உண்மையாகக் கடிக்கின்றன. 1978இல் ஐ-82 நெடுஞ்சாலை வந்தது. சாலைக்காகப் பிறந்த பங்க்கை இன்னொரு சாலை விரட்டியது. கெண்டியைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். இடம் மாறிய கட்டடத்தைப் பதிவேடு வழக்கமாகச் சேர்த்துக்கொள்வதில்லை. விலக்கு இரண்டு. கட்டடக்கலை மதிப்பே அதன் முதன்மைச் சிறப்பாக இருக்கவேண்டும். இல்லையேல் ஒரு வரலாற்று மனிதரோடோ நிகழ்ச்சியோடோ மிக நெருங்கிய தொடர்புள்ளதாக எஞ்சியிருப்பது அதுவாக இருக்கவேண்டும்.

கெண்டியை உருவத்துக்காகப் பாராட்டினால் முதல் வாசல் திறக்கும். ஊழலோடு சேர்த்துப் பேசினால் இரண்டாம் வாசலைத் தட்டலாம். ஆனால் அந்தப் பக்கம் இன்னொரு விதி காவல் நிற்கிறது: நினைவூட்டுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு கட்டியவற்றையும் பதிவேடு வழக்கமாகச் சேர்ப்பதில்லை, அவற்றின் வடிவமைப்போ வயதோ மரபோ அவற்றுக்குத் தனிச் சிறப்பைத் தந்திருந்தால் தவிர. கையேடுகள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிற 'ஊழலின் நினைவுச் சின்னம்' என்ற தொடர் இங்கே கெண்டிக்குக் குழி பறிக்கும். 1922 என்ற ஆண்டு கைகொடுப்பதும் இங்கேதான். முடியாத ஊழலுக்கு யாரும் நினைவுச் சின்னம் எழுப்புவதில்லை. நடந்துகொண்டிருந்த ஒன்றின்மேல் அடித்த கிண்டல் அது, அதோடு பெட்ரோலும் விற்றது. சரியான வகைப்பெயர் வேண்டுமென்றால், கட்டடமாக நிற்கிற கேலிச்சித்திரம் என்று சொல்லலாம். படிவத்தில் அப்படியொரு கட்டம் கிடையாது. மற்றவை என்ற கட்டத்தில் இடம் உண்டு.

கெண்டி இன்னொரு முறையும் நகர்ந்தது. ஊராட்சி அதை 2007இல் விலைக்கு வாங்கி, 2012இல் ஜில்லா ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. வையோமிங்கின் எண்ணெய் வயலை அமெரிக்க அரசு 2015இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றது, 4.5 கோடி டாலர் சொச்சத்துக்கு, இம்முறை கணக்கு வழக்கோடு. பெயர் கொடுத்த பாறை 1974 முதல் அதே தேசியப் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் காற்றும் மழையும் அடித்து அதன் கைப்பிடியும் மூக்கும் எப்போதோ உடைந்து விழுந்துவிட்டன. இன்று போய்ப் பார்க்கிறவருக்கு அது வெறும் பாறை. கெண்டி இருப்பது ஜில்லாவில்.